ரெசிக் ஊரின் தண்ணீர்ப் பஞ்சம்

அன்புள்ள சொக்கு,

ஈப்போவில் மழை விடவே இல்லை என்று எழுதியிருந்தாய். இங்கே கானாடுகாத்தான் பக்கம் வெயில் கொளுத்துகிறது, ஊருணியில் அடிப்படி வரைக்கும் தெரிகிறது. ஆத்தாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. பேத்திக்குத் தை மாதம் காது குத்து வைத்திருக்கிறோம், அழைப்பு தனியாக வரும்.

அப்புறம், நீ பார்க்கச் சொன்ன ‘தி இன்னர் லைட்’ பார்த்துவிட்டேன். ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் 1992 ஜூனில் வந்த அத்தியாயம், மறு வருஷமே ஹ்யூகோ விருது வாங்கியது என்கிறபோது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் உட்கார்ந்தேன். முடிந்ததும் எழுந்திருக்க மனம் வரவில்லை. கேப்டன் பிக்கார்ட் தன் விண்கப்பலில் மயங்கிக் கிடப்பது 25 நிமிடம்கூட இருக்காது. அதற்குள் கட்டான் என்ற கிரகத்தில், ரெசிக் என்ற ஊரில், காமின் என்ற பெயரில் ஒரு முழு ஆயுளை வாழ்ந்து, பேரன் வரைக்கும் பார்த்துவிடுகிறார். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே சூரியன் வெடித்து அழிந்துபோன ஊர் அது. அந்த ஜனங்கள் தங்களைப் பற்றிச் சொல்ல ஒரு சின்ன விண்கலத்தை அனுப்பிவைத்திருக்கிறார்கள். அது இவரிடம் வந்து சேர்ந்து, ஒரு கதிர் வழியாக அந்த வாழ்க்கையை இவர் மூளைக்குள் இறக்குகிறது.

என்னை அசைத்தது அவர்கள் எதைச் சொல்லத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான். அரசன் கிடையாது, போர் கிடையாது, பெரிய கட்டடம் கிடையாது. மனைவி எலீன் ‘செருப்பை எடுத்து வை’ என்று கண்டிக்கிறாள். வயதாகிச் சாகும்போதும் அவள் கடைசியாகச் சொல்வது அதேதான். ஒரு நாகரிகம் அந்தச் செருப்பு வழியாக வந்து சேர்ந்துவிடுகிறது. நம் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு நாம் பர்மா தேக்குத் தூணையும், ஆத்தங்குடித் தரைக்கல்லையும், முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவரையும்தான் காட்டுகிறோம். நடு முற்றத்தைச் சுற்றிய வளவில் எந்த அறை யாருக்கு, மகன் குடும்பத்தைத் தனிச் சமையலாக வேறு வைத்த பிறகு எந்த மருமகளுக்கு அடுப்பு எங்கே, யார் யாரோடு பேசாமல் இருந்தார்கள், இதையெல்லாம் சொல்ல ஆள் குறைந்துகொண்டே வருகிறது. கட்டான்காரர்கள் இந்த இரண்டாவதைத்தான் அனுப்பினார்கள். அவர்கள் செய்ததுதான் சரி என்று நினைக்கிறேன்.

காமின் அங்கே ஊதப் பழகுகிற குழலையும் சொல்ல வேண்டும். படப்பிடிப்பில் பயன்படுத்திய குழல் ஊதினால் சத்தமே வராத பொருள். அதை 2006-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 48,000 டாலருக்கு எடுத்திருக்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் எத்தனை நல்ல சாமான்கள் எந்த வீட்டுடையது என்றே தெரியாமல் விலை போகின்றன! கதை கூட வந்தால் ஒரு பொருள் என்னவாகிறது பார். காமினின் மகனாக வருகிற பையன், பிக்கார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் சொந்த மகன் டேனியல். அது தெரிந்த பிறகு அந்தக் காட்சிகளை இன்னொரு முறை பார்த்தேன்.

குறைகளும் உண்டு, நீ எழுதியதைவிட அதிகமாகவே. கப்பல் காட்சிகளைப் பாதியாக வெட்டியிருக்கலாம். அந்தக் கதிரை எப்படித் துண்டிப்பது என்று மாறி மாறிப் பேசும்போதெல்லாம் ரெசிக் கையை விட்டு நழுவுகிறது. ஒரே ஒரு இடத்தில்தான் இரண்டும் நன்றாகக் கூடுகின்றன. கப்பலில் இருப்பவர்கள் கதிரைத் துண்டிக்கப் பார்க்க, அங்கே பிள்ளைக்குப் பெயர் வைக்கும் விழாவில் காமின் சரிந்து விழுகிறார். அப்படி இன்னும் இரண்டு இடம் இருந்திருக்கலாம். சின்ன ஏவுகணைகளையே இப்போதுதான் விடக் கற்றிருக்கிறோம் என்று சொல்கிற ஜனங்களுக்கு, முன்பின் தெரியாத ஒருவன் மூளைக்குள் ஓர் ஆயுளையே இறக்குகிற கருவி எங்கிருந்து வந்தது? அதற்கும் பதில் இல்லை.

எனக்குப் பெரிய குறை வேறு. ரெசிக்கில் வருஷக்கணக்காக மழை பொய்க்கிறது. யாரும் தண்ணீருக்குச் சண்டை போடவில்லை. யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை. ஊர் நடுவில் ஒரு மரத்துக்கு எல்லோரும் ஆசையாகத் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார்கள். அழகான காட்சிதான், ஆனால் வறண்ட மண்ணில் பிறந்த நமக்கு அது போதவில்லை. குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு இங்கே சும்மா வந்ததா? ஓட்டில் விழுகிற மழையை வளவு முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்தவர்கள் நம் ஆட்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியது வட்டித் தொழிலுக்குத்தான் என்றாலும், மழையை நம்பி உட்கார முடியாத மண் என்பதும் அதற்குள் இருக்கிறது. நிலம் செத்துக்கொண்டிருப்பது அதிகாரிகளுக்கு முன்பே தெரியும், மறைத்துவிட்டார்கள் என்று காமினுக்குத் தெரியவருகிறது. அப்போதுகூட ஊரில் ஒரு கோபக் குரல் எழவில்லை. கோபப்படவே தெரியாதவர்களாகக் காட்டினால் அவர்களை முழுசாக நினைவு வைத்திருப்பதாகாது.

அடுத்த அத்தியாயத்தில் பிக்கார்ட் எதுவுமே நடக்காத மாதிரி வேலைக்குத் திரும்பிவிடுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. மனைவியைப் புதைத்தவர், பேரனைத் தூக்கியவர்! மறுவருஷம் வந்த ‘லெசன்ஸ்’ அத்தியாயத்தில்தான் குழலை எடுத்து ஒரு பெண்ணிடம் அந்தக் கதையைச் சொல்கிறார். அதை இன்னும் நீ பார்க்கவில்லை என்றால் பார்த்துவிடு.

அவரைக் கேட்காமல் ஓர் ஆயுளைத் திணித்தது அநியாயம் என்று எழுதியிருக்கிறாய். யோசித்துப் பார்த்தேன், நான் ஒத்துக்கொள்ளவில்லை. சாகப்போகிற ஊருக்குக் கேட்டுவிட்டுச் செய்ய நேரம் ஏது? நாமும் நம் வீட்டுக் கடமைகளையெல்லாம் சம்மதம் கேட்டா வாங்கிக்கொண்டோம்? உனக்கு மறுப்பு இருந்தால் விரிவாக எழுது. மருமகளைக் கேட்டதாகச் சொல், காது குத்துக்கு எல்லோரும் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
வயிரவன்