சிக்கெடுத்த கைகளுக்கு

மகள் மறுபடி பள்ளிக்குப் போகத் தொடங்கி ஒரு வாரமாகிறது. இந்த மடலை முன்னமே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தாலே அந்த ராத்திரிதான் முன்னால் வந்து நின்றது.

முதலில் இரவுப் பணியில் இருந்த சிஸ்டருக்கு. மகளுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். முதலில் காட்டிய இடத்தில் வைரஸ் காய்ச்சல் என்று சொல்லி அமாக்சிசிலின் என்ற பெனிசிலின் வகை மருந்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். உங்களிடம் வந்தபோது ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்தன; டெங்குவாக இருக்குமோ என்று பேச்சு. நீங்களோ, படுத்தே கிடந்து சிக்குப் பிடித்த தலையைப் பார்க்கப் பொறுக்காமல் சீப்போடு வந்தீர்கள். காதுக்குப் பின்னால், முடிக்குள், சுட்ட புண் போல ஒரு கருப்புப் பொருக்கு. "இது எப்ப வந்துச்சும்மா?" என்றீர்கள். தினமும் தலை வாரிவிடும் எனக்கே தெரியாது. வலியில்லை, அரிப்பில்லை, அவளும் சொல்லவில்லை. கழுத்தில் நெறி கட்டியிருந்ததைச் சளிக் கணக்கில் எழுதிவிட்டிருந்தேன்.

நீங்கள் கூப்பிட்டதும் எழுந்து வந்த டாக்டருக்கு அடுத்த நன்றி. உள்ளங்கையையும் உள்ளங்காலையும் விரித்துப் பார்த்தார், அங்கேயும் சிவப்புப் புள்ளிகள். "வீட்டில் நாய் உண்டா?" என்றார். உண்டு. உண்ணி கடித்துப் பரவும் ரிக்கெட்சியா என்ற கிருமியின் காய்ச்சலாக இருக்கலாம், ரத்த முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது என்று அப்போதே டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்கினார். குழந்தைக்குக் கொடுத்தால் பல் மஞ்சளாகுமே என்று நான் வாதாடினேன். அவர் எரிந்து விழவில்லை. அது இதே குடும்பத்துப் பழைய மருந்தான டெட்ராசைக்ளினால் வந்த பெயர், சில நாள் கொடுப்பதால் பல் கறையாவதில்லை. ரத்தக்குழாய்ச் சுவரின் செல்லுக்குள் புகுந்து வாழும் இந்தக் கிருமியைப் பெனிசிலின் வகை மருந்து எதுவும் செய்யாது, எந்த வயதானாலும் முதல் மருந்து இதுதான் என்று அந்நேரத்திலும் நிதானமாகச் சொன்னார். இரண்டாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கியது. எழுந்ததும் ரிமோட் எங்கே என்றாள்.

ஆய்வகத்தில் இருந்த தம்பியிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். முடிவு நெகட்டிவ் என்று வந்ததும் தாளோடு வந்து கத்தினேன். கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் தெரியவே ஒரு வாரத்துக்கு மேலாகும், இப்போது நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று பொருளில்லை, சில வாரம் கழித்து இன்னொரு முறை எடுத்து இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்றீர்கள். அந்த இரண்டாவது முடிவு நேற்று வந்தது: எதிர்ப்புப் பொருள் நான்கு மடங்குக்கும் மேல் ஏறியிருக்கிறது, அந்தக் காய்ச்சலேதான். நோய் போன பிறகு நோயின் பெயர் வந்து சேர்கிறது! டாக்டர் இதற்காகக் காத்திருந்தால் என்ற நினைப்பே வயிற்றைப் பிசைகிறது.

நாயைப் பார்க்க வந்த கால்நடை மருத்துவருக்கும் நன்றி. உண்ணியை நகத்தால் நசுக்குகிறவர்கள் நாங்கள். மண்ணெண்ணெய் விடுவோம், தீக்குச்சியால் சுடுவோம். நுனி மெலிந்த இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்கக் கற்றுக்கொடுத்தார்.

சிஸ்டர், உங்கள் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன். வீட்டில் உங்களுக்குச் 'சிக்கு சிஸ்டர்' என்று பெயர் வைத்திருக்கிறாள். பொருக்கு விழுந்த இடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை. தலை வாரும்போதெல்லாம் என் விரல் அங்கே போய் நிற்கிறது.