சீட்டு எழுதியவர்களுக்கும் ஜாடி நிரப்பியவர்களுக்கும்

போன வாரம் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். அதில் நன்றி சொல்ல ஒதுக்கிய ஒரு பக்கம் வழிகாட்டிக்கும் வீட்டாருக்குமே சரியாகப் போய்விட்டது. மிச்சம் இருக்கிறவர்களுக்கு இங்கே.

முதலில், அருங்காட்சியகத்தில் தவளை ஜாடிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு. மூடி லேசாகத் தளர்ந்தால் போதும், ஆல்கஹால் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி உள்ளே இருப்பது காய்ந்து சருகாகிவிடும். அக்கா ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு தட்டாக மட்டம் பார்த்து நிரப்பிக்கொண்டே வருவார், கடைசி அலமாரியை முடிப்பதற்குள் முதல் அலமாரியில் மறுபடி குறைந்திருக்கும். அப்படிக் காப்பாற்றிய தவளைகளின் தோலைத்தான் நான் பஞ்சுக்குச்சியால் துடைத்து, தவளைகளின் தோலில் தொற்றி அவற்றைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையின் டிஎன்ஏ இருக்கிறதா என்று தேடினேன். அந்த நோய் ஓர் இடத்துக்கு எப்போது வந்தது என்று உயிரோடு இருக்கும் தவளையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய தவளைகளும் வேண்டும்.

அப்புறம், நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்த அந்த மனிதருக்கு. தவளையின் காலில் நூலால் கட்டிய, கட்டைவிரல் அகலம்கூட இல்லாத சீட்டில் தேதி, ஓடையின் பெயர், உயரம், "கல்லுக்கு அடியில், மழை விட்ட பிறகு" என்பது வரை எழுதியிருக்கிறார். ஆல்கஹாலில் கரையாத மை, ஓர் எழுத்துகூட அழியவில்லை. சீட்டு அறுந்துபோன தவளையை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதால் சொல்கிறேன், ஐயா, உங்கள் சீட்டு இல்லாமல் என் ஆய்வு இல்லை.

பொரி வல்லூறு என்ற வேட்டைப் பறவைகள் பிழைத்ததும் இப்படித்தான். பிரிட்டனில் அடைகாக்கும் தாயின் எடை தாங்காமல் முட்டைகள் உடைந்தபோது, டெரெக் ராட்கிளிஃப் என்ற பறவை ஆய்வாளர் சேகரிப்புகளில் கிடந்த பழைய முட்டைகளை எடுத்து ஓட்டின் எடையை ஒப்பிட்டார். 1940களின் பிற்பகுதியிலிருந்து கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது, முட்டை ஓட்டை மெலிதாக்கும் டிடிடி என்ற பூச்சிமருந்து புழக்கத்துக்கு வந்த அதே சமயம். அதை 1967இல் வெளியிட்டார். அமெரிக்காவிலும் பழைய முட்டைகள் அதையே காட்டின, 1972இல் அங்கே டிடிடிக்குத் தடை வந்தது. அந்த முட்டைகளைச் சேர்த்தவர்கள் பூச்சிமருந்தைப் பற்றி நினைத்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்கும் நன்றி, முட்டை திருடுவதை நான் ஆதரிக்கவில்லை என்றாலும்.

கலிஃபோர்னியாவின் விலங்கியலாளர் ஜோசப் கிரின்னெல்லுக்குத் தனியாக ஒரு நன்றி. தன் சேகரிப்பின் உண்மையான மதிப்பு தெரிய ஒரு நூற்றாண்டுகூட ஆகலாம் என்று 1910இலேயே எழுதியவர். ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து அவருடைய குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு யோசெமிட்டி மலையில் மறுபடி தேடினார்கள். பார்த்த 28 சிறு பாலூட்டி இனங்களில் பாதி, சராசரியாக 500 மீட்டர் மேலே ஏறிப்போயிருந்தன.

2018 செப்டம்பர் 2 இரவு ரியோ டி ஜெனீரோவில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, உள்ளே ஓடி நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலிகளின் மாதிரிகளைத் தூக்கிவந்தவர்களுக்கும் என் வணக்கம்.

நான் கொண்டுவந்த தவளைகளும் இப்போது அக்காவின் அலமாரியில் இருக்கின்றன. என் சீட்டில் 1ஐயும் 7ஐயும் பிரித்துப் படிக்க முடியவில்லை என்று இரண்டு தடவை திருப்பி எழுத வைத்தார். அதற்கும் நன்றி, அக்கா.