வகுப்புக்கு ஒருவராக வரும் பிள்ளைகள்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பல்கலைக்கழகத்தின் எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு உன்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டிருக்கிறார்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். பல இடங்களில் இந்தப் பொறுப்பு ஒரு பெயர்ப் பலகையோடும் பூட்டிய அறையோடும் நின்றுவிடுகிறது. நீ அப்படி விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம். ஆனால் மற்றக் கல்லூரிகளிலும் இதே நாற்காலியில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். பழங்குடி மாணவர்களைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். பலகையில் அவர்கள் பெயர் இருந்தாலும், கூட்டக் குறிப்புகளில் அவர்கள் கடைசி வரியில்தான் வருகிறார்கள்.

முதலில் ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் 1990 முதல் பழங்குடியினருக்குத் தனியாக ஒரு சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் அவர்கள் சுமார் 7.95 லட்சம் பேர், அதாவது 1.1 சதவீதம். விகிதம் சரியாகத்தானே இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். 60 இடங்கள் உள்ள ஒரு வகுப்பில் ஒரு சதவீதம் என்றால் ஒரு முழு ஆள்கூட வராது. ஓர் இடம் என்று வைத்துக்கொண்டால், அதில் சேரும் பிள்ளை மூன்று ஆண்டுகளும் அந்த வகுப்பில் ஒற்றை ஆள். ஆயிரம் பேரைச் சேர்க்கும் கல்லூரியில் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரும் பத்துத் துறைகளில். அவர்களிலும் ஒருவர் ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடி, ஒருவர் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர், ஒருவர் கூடலூர்ப் பக்கத்துப் பணியர். மாநிலப் பட்டியலில் 36 சமூகங்கள் இருந்தன; 2023 முதல் நரிக்குறவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். பல நேரம் ஒருவர் வீட்டுப் பேச்சு இன்னொருவருக்குப் புரியாது.

கூச்ச சுபாவம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிற தனிமையைச் சேர்க்கை முறையே உண்டாக்கி அனுப்புகிறது. அந்தப் பத்துப் பேரை ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக்குவதுதான் உன் முதல் வேலை. உதவித்தொகையும் விடுதியும் சான்றிதழும்கூட அதன் வழியாகத்தான் ஒழுங்காகப் போய்ச் சேரும்.

நான் பணியாற்றிய கல்லூரியில் ஒரு முறை சேர்க்கை வரிசையில் ஒரு தகப்பனும் மகளும் நின்றார்கள். மகள் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஒவ்வொரு சான்றிதழுக்கும் மூன்று மூன்று நகல்கள். என்ன சமூகம் என்று எழுத்தர் கேட்டார். "மலையாளி" என்றாள். "கேரளமா?" என்று அவர் உரக்கக் கேட்க, பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தகப்பன் பதறிப்போய், "இல்லை ஐயா, சித்தேரி மலை" என்று சொல்லி, கோட்டாட்சியர் கையெழுத்திட்ட சான்றிதழை எடுத்து நீட்டினார். எழுத்தர் கெட்ட மனிதர் அல்லர். மலை தெரிகிற தூரத்தில் குடியிருந்தும் அங்கே வாழ்கிறவர்களைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவருக்கு வந்ததில்லை. அந்தப் பெண்ணோ, அதற்குப் பிறகு படிப்பு முடியும் வரையில் தன் சமூகத்தின் பெயரைக் கல்லூரிக்குள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லை. சேர்க்கை நாளில் அந்த மேசைக்குப் பக்கத்தில் மலையிலிருந்து வந்த இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரை உட்கார வை. சமூகத்தின் பெயரைப் படிவத்தில் பார்த்துக்கொள்ளட்டும், வரிசையில் நிறுத்திக் கேட்க வேண்டாம் என்று அலுவலகத்துக்கு எழுத்தில் கொடு.

அந்தச் சான்றிதழ் எப்படிக் கைக்கு வந்தது என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1989 நவம்பருக்குப் பிறகு பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை, பெற்றோரின் பழைய ஆவணங்கள், மறுபடி விசாரணை என்று ஆண்டுக்கணக்கில் இழுபடும். 2022 அக்டோபரில் தன் பிள்ளைக்கு மலைக்குறவர் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று ஒரு தகப்பன் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தீக்குளித்து உயிரை விட்டார். ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலைக்குப் போனால் இன்னொரு கொடுமை. பட்டியலில் மலையாளிகளின் பெயருக்கு எதிரே தருமபுரி, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை என்று பழைய மாவட்டங்களை எழுதி வைத்திருக்கிறார்கள். பர்கூர் அப்போது கோவை மாவட்டம். அதனால் சொந்தபந்தங்கள் சேலம் பக்கத்தில் பழங்குடியினராக இருக்க, பர்கூர்ப் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் கிடைப்பதில்லை. அப்படி ஒரு பிள்ளை உன் அறை வாசலில் வந்து நின்றால், எஸ்.டி. இல்லை என்று திருப்பி அனுப்பிவிடாதே. சட்டத்தைத் திருத்துவது உன் கையில் இல்லை. உட்கார ஒரு நாற்காலி கொடுப்பது உன் கையில் இருக்கிறது.

பண விஷயம் நீ அறிந்ததுதான், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லை. சிக்கல் எங்கே என்றால், தேர்வுக் கட்டணமும் பஸ் செலவும் முதல் மாதமே வந்துவிடும். உதவித்தொகை பல மாதம் கழித்து வரும். பள்ளியில் திறந்த வங்கிக் கணக்கு ஒன்று, பிளஸ் டூ முடித்ததும் கீழே டவுனில் திறந்த கணக்கு ஒன்று என்று இரண்டு இருக்கும். ஆதார் கடைசியாக எதனுடன் இணைந்ததோ அதில் பணம் விழும். பிள்ளை மற்றக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பணம் வரவில்லை என்று ஊருக்குப் பஸ் ஏறிவிடும். வருமானச் சான்றிதழுக்குத் தகப்பனைத் தேடினால் அவர் குடகுப் பக்கம் காபித் தோட்ட வேலைக்குப் போயிருப்பார், அல்லது கேரளத்தில் மிளகு பறித்துக்கொண்டிருப்பார். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் பலர் இந்த மலைகளிலிருந்து கூலிக்குப் போனவர்கள். வேலை தேடி எங்கே போகிறார்கள், எந்த நிலையில் போகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு கையெழுத்துக்காக ஜூலை முழுவதும் ஒரு பிள்ளையை நடக்கவிட உனக்கு மனம் வராது.

இதையெல்லாம் கடந்து வந்த ஒரு மூத்த மாணவிக்கு எந்த வங்கியில் எந்தக் கவுண்டர், எந்த இ-சேவை மையத்தில் பொறுமையாகப் பதில் சொல்வார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. அவளுடைய எண் புதிதாகச் சேர்கிற பிள்ளையிடம் முதல் நாளே இருந்தால் போதும். சேர்க்கைப் பட்டியல் வந்த அன்றே அவள் அழைத்துப் பேசட்டும்: விடுதி எப்போது திறக்கும், அதுவரை எங்கே தங்கலாம், என்ன கொண்டுவர வேண்டும் என்று. கல்லூரி திறந்து வாரக்கணக்கில் விடுதி திறக்காத ஆண்டுகளை நான் பார்த்திருக்கிறேன். சமூகநீதி விடுதி என்று 2025இல் பெயர் மாறியது நல்லதுதான். கதவு முதல் நாளே திறக்க வேண்டும், அதற்கு நீ சண்டை போட வேண்டும்.

வாரம் ஒரு மாலை உன் அறையைத் திறந்து வை. அஜெண்டா வேண்டாம், பேச்சாளர் வேண்டாம். டீயும் சுண்டலும் இருந்தால் நல்லது. இருளர் பிள்ளைகள் இருவர் தங்கள் பேச்சில் பேசிக்கொள்ளட்டும். ஆங்கிலப் பாடத்தில் புரியாத இடத்தை யாரும் சிரிக்காமல் கேட்டுக்கொள்ளட்டும். ஊரில் சாவு என்று போய்த் திரும்பியவனுக்கு 75 சதவீத வருகைப்பதிவு குறைந்தால், துறைத் தலைவரிடம் அவன் தனியாகப் போய் நிற்காமல் நீயும் உடன் போ. மலைக்கு ஒரே பஸ், அதுவும் மழை பெய்தால் வராது என்பதைத் துறைத் தலைவருக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஆண்டு விழாவுக்குப் பழங்குடி நடனம் வேண்டும் என்று உன்னிடம் ஆள் கேட்டு வருவார்கள். ஆண்டு முழுவதும் பெயர் தெரியாதவர்கள் அன்று மட்டும் தேடி வருவார்கள். பிள்ளைகள் தாங்களாக விரும்பினால் ஆடட்டும். நீ அனுப்பி வைக்காதே.

மும்பையில் 2019 மே மாதம் இறந்துபோன மருத்துவர் பாயல் தட்வியை மறந்திருக்க மாட்டாய். தட்வி பில் பழங்குடிப் பெண், மகப்பேறு மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். மூத்த மருத்துவர்கள் மூவர் சாதியைச் சொல்லித் துன்புறுத்தினார்கள் என்று வழக்கு. முன்பே முறையிட்டும் யாரும் காதில் வாங்கவில்லை என்று அவருடைய தாயார் சொன்னார். உன் பிரிவில் ஒரு புகார்ப் பெட்டி இருக்கும். அதற்குள் காகிதம் விழாது. புகார் என்று எழுத எந்தப் பிள்ளையும் துணியாது. வாரந்தோறும் டீ குடிக்க வருகிறவள் இரண்டு வாரம் வரவில்லை என்றால் அதுதான் உனக்குக் கிடைக்கும் புகார். அன்றே விடுதிக்குப் போய்ப் பார்.

2024இல் ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, குழந்தை பிறந்த இரண்டாம் நாளில் தேர்வு எழுதப் போய், சிவில் நீதிபதியாகத் தேர்வானார். அதே ஆண்டு பச்சைமலைப் பக்கத்துப் பழங்குடியினர் பள்ளி மாணவி ஒருவர் திருச்சி என்.ஐ.டி.யில் இடம் பிடித்தார். செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு கண் கலங்கினேன். ஆனாலும் முதல் பெண், முதல் பெண் என்று படிக்கும்போதெல்லாம், அவருக்குப் பக்கத்து அறையில் யார் இருந்திருப்பார்கள், ஊர் நினைவு வந்தால் யாரிடம் பேசியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டாவதாக, மூன்றாவதாக வருகிறவர்களுக்குச் செய்தி கிடையாது, பரிசு கிடையாது. அவர்களை வரவழைத்து, நிலைக்க வைப்பது உன்னைப் போன்றவர்களின் வேலை.

இப்போது ஒரு வேண்டுகோள். கடந்த ஐந்து ஆண்டுகளில் எஸ்.டி. இடத்தில் சேர்ந்தவர்கள் யார், பாதியில் நின்றவர்கள் யார் என்று அலுவலகத்தில் பட்டியல் கேட்டு வாங்கு. நின்றவர்களின் எண்கள் பெரும்பாலும் மாறியிருக்கும். ஊர்ப் பெயர் மாறியிருக்காது. ஜவ்வாது மலை, சித்தேரி, கல்வராயன் மலைப் பக்கத்துப் பெயர்களை எனக்கு அனுப்பு. ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இருக்கிறது, அங்கே தெரிந்த ஆசிரியர்களும் இருக்கிறார்கள். போய்ப் பார்த்து வருகிறேன். அப்படிப் போகும்போது பிளஸ் டூ பிள்ளைகளிடம் உன் எண்ணைக் கொடுக்கலாமா என்பதையும் எழுது.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்