சான்றிதழுக்கும் காதலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்: மனநல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மனநல மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு திருநம்பி; பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்ட ஆண். எனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு. இரண்டையும் சேர்த்துச் சொன்னதும், பாலின மாற்றச் சிகிச்சைக்கான சான்றிதழ்க் கடிதத்தை எழுதாமல் உங்களில் சிலர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறீர்கள். "ஆணைத்தான் பிடிக்கும் என்றால் பெண்ணாகவே இருந்துவிடலாமே?" என்ற கேள்வியை நானும் சந்தித்திருக்கிறேன்.

நான் யார் என்பது பாலின அடையாளம். யார் மேல் மனம் போகிறது என்பது பாலீர்ப்பு. 2014-இல் உச்ச நீதிமன்றம், திருநர்களின் உரிமைகளை அங்கீகரித்த நால்சா தீர்ப்பில் இரண்டையும் தனித்தனியாகவே விளக்கியது.

அமெரிக்காவில் லூ சல்லிவன் என்றொரு திருநம்பி இருந்தார். ஆண்களை நேசிப்பதை அவர் மறைக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாலின மாற்றச் சிகிச்சைப் பிரிவு 1980-இல் அவரை நிராகரித்தது. பெண்ணை விரும்புபவர்தான் உண்மையான திருநம்பி என்று அன்றைய மருத்துவர்கள் நம்பினார்கள். அவர் விடாமல் அவர்களோடு வாதாடினார், கடிதம் எழுதினார். 1986-இல் சான் பிரான்சிஸ்கோவில் திருநம்பிகளுக்கென ஓர் அமைப்பையும் தொடங்கினார். 1991-இல் எய்ட்ஸ் நோயால் இறந்தபோது அவருக்கு வயது 39. யாரை விரும்புகிறோம் என்பது சிகிச்சைக்கான தகுதி ஆகாது என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இங்கே இன்னும் பலர் உங்கள் அறைக்குள் வரும் முன்பே பதிலை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். திருநம்பி என்றால் காதலி, திருநங்கை என்றால் காதலன். சரி, கடிதம் கிடைத்துவிடும். அப்புறம்? ஆணோடு உறவில் இருக்கும் திருநம்பிக்கு எச்ஐவி பற்றியோ கருத்தடை பற்றியோ யார் சொல்வார்கள்? பொய் சொல்லிக் கடிதம் வாங்கியவர் மறுபடி உங்களிடம் வந்து எப்படி வாய் திறப்பார்?

எதிர்ப்பக்கத்திலும் இதே குழப்பம்தான். பெண்ணை நேசிக்கும் பெண்ணிடம் "நீ ஆணாக மாறிவிடு, பிரச்சினை தீர்ந்துவிடும்" என்கிறார்கள். நளினமாக நடக்கும் பையனைத் திருநங்கை என்று வீட்டாரே முடிவு கட்டுகிறார்கள். அவர்களை உங்களிடம் அழைத்து வரும்போது, தயவுசெய்து பெற்றோரை வெளியே உட்காரவைத்துவிட்டு அந்தப் பிள்ளையிடம் பேசுங்கள்.

பாலினத்தை மதிப்பிடும் படிவத்திலிருந்து காதல் பற்றிய கேள்வியை எடுத்துவிடுங்கள். பாலுறவு நலம் பற்றிப் பேச வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள்; எந்தப் பதில் சொன்னாலும் கடிதம் நின்றுபோகாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு திருநம்பி