ஃபுளோரிடாவில் நம் கல்யாண முருங்கையின் பங்காளி

பாபநாசம்

அன்புள்ள சேது,

இங்கு எல்லோரும் நலம். பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா? அக்கா முழங்கால் வலியோடு இன்னமும் கோயிலுக்கு நடந்துதான் போகிறார். சொன்னால் கேட்பவரா அவர்?

நீ ஃபுளோரிடாவிலிருந்து அனுப்பிய ரீங்காரச் சிட்டு (ஹம்மிங்பேர்ட்) படத்தை வைத்தாவிடமும் காட்டினேன். அவன் பறவையையே பார்த்தான். எனக்குப் பூவை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. ‘ஏதோ சிவப்புப் பூ’ என்று எழுதிவிட்டாயே, தாவரவியல் படித்தவனா நீ! அது எரித்ரினா ஹெர்பேசியா. நம் வாத்தியார் வீட்டு வேலியில் நின்ற கல்யாண முருங்கையும் எரித்ரினாதான், ஒரே பேரினம்.

அங்கே அந்தப் பூவின் மேலிதழ் சுருண்டு ஒல்லியான குழாயாக நீட்டிக்கொண்டிருக்கிறது. பறவை உட்கார இடமே இல்லை. ஏறக்குறைய மூன்று கிராம் எடையுள்ள அந்தச் சிட்டு அந்தரத்தில் நின்றபடியே அலகை நுழைத்துத் தேன் குடிக்கும். நம் மரத்தில் அப்படியில்லை. மாசி, பங்குனியில் இலை உதிர்ந்த கிளை நுனியில் பருத்த காம்பு. அதைச் சுற்றி அகலத் திறந்த பூக்கள். தேன்சிட்டு, மைனா, கரிச்சான் எல்லாம் காம்பில் உட்கார்ந்து தலையை உள்ளே விடும். நிமிரும்போது நெற்றியில் மஞ்சள் மகரந்தம் அப்பியிருக்கும். ரீங்காரச் சிட்டு அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் கிடையாது. ஒரே குடும்பத்து மரம் அங்கே அதற்கொரு வாசலும் இங்கே இவற்றுக்கொரு வாசலும் வைத்திருக்கிறது. நினைக்க நினைக்க மனம் பூரிக்கிறது.

ஆனால் சேது, அந்த வேலி இன்று இல்லை. கம்பி வேலி போட்டுவிட்டார்கள். மிஞ்சியிருக்கும் மரங்களையும் ஒரு குளவி கெடுக்கிறது. கொசுவைவிடச் சிறியது, 2004-இல்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். தளிரிலும் இலைக்காம்பிலும் முட்டையிடுகிறது. அந்த இடம் புடைத்து முண்டு முண்டாகி, இலை சுருண்டுவிடுகிறது. அடை சுட நல்ல இலை பறிக்கத் தெருத்தெருவாக அலைய வேண்டியிருக்கிறது. சென்ற தையில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட அதன் கிளை கிடைக்காமல் மூங்கிலோடு முடித்துக்கொண்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

வலங்கைமானில் உன் தங்கை வீட்டுக் கொல்லையில் ஒரு மரம் முண்டில்லாமல் நிற்கிறதாமே. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவை. கை பருமனுக்கு நான்கு போத்து வெட்டிவந்து வாய்க்கால் கரையில் நடுகிறேன். அங்கே நீ படம் எடுத்த செடியில் காய் பிடித்தால் படம் எடுத்து அனுப்பு. விதையைத் தொட்டு விளையாடப் பேத்தியை விடாதே, அது நஞ்சு.

அன்புடன்,
கோபு