செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் இயங்கும் நமது வானிலை ஆர்வலர் சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளை இவ்வறிக்கையில் உங்கள் முன் வைக்கிறேன். பன்னிரண்டு மாதங்களுக்கும் சரிசமமாக இடம் ஒதுக்குவதே செயலாளர்களின் வழக்கம் என்றாலும், இந்த ஆண்டு நம் கூட்டங்களில் பேசப்பட்டவற்றுள் பெரும்பகுதி ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஆகிய மூன்று மாதங்களைப் பற்றியதாகவே இருந்தது. அறிக்கையும் அப்படியே அமைந்துவிட்டது.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல முதல் சனிக்கிழமை மாலையில் சமூக மன்றத்தில் நடைபெற்றன. பிப்ரவரிக் கூட்டம் மட்டும் சீனப் புத்தாண்டு விடுப்பை ஒட்டி 8ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை கூட்டங்களுக்கு வருகை குறைவாக இருந்தது. செப்டம்பர் 17ஆம் தேதி மாலை, மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டிய சூறைக்காற்றில் தீவின் பல இடங்களில் மரங்கள் சாய்ந்த பிறகு, அடுத்த கூட்டத்தில் நாற்காலிகள் போதவில்லை. வானம் அமைதியாக இருக்கும்வரை நம் சங்கமும் அமைதியாகவே இருக்கிறது என்று தலைவர் அன்று குறிப்பிட்டதைப் பதிவு செய்கிறேன்.

டிசம்பர்க் கூட்டத்தில் தஞ்சைப் பக்கத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய மூத்த உறுப்பினர் ஒருவர் எழுப்பிய கேள்விதான் பின்வந்த மாதங்களின் பேச்சை முழுவதுமாக ஆட்கொண்டது. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று கேட்டு வளர்ந்தவர் அவர். மாசியும் பங்குனியும் பின்பனி என்றும், சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்றும் நம் முன்னோர் வகுத்த ஆறு பருவங்களில், பனி போய் வேனில் வரும் அந்தத் திருப்பத்தைச் சிங்கப்பூரில் எந்த நாளில், எந்த அடையாளத்தைக் கொண்டு சொல்வது என்பது அவருடைய கேள்வி. இங்கே பனியும் இல்லை, வேனிலும் இல்லை, இரண்டே பருவங்கள்தான், ஒன்று வெயில், மற்றொன்று குளிரூட்டி என்று இளைய உறுப்பினர் ஒருவர் சொன்ன பதிலுக்கு எல்லாரும் சிரித்தோம். ஆனால் கேள்வி அப்படியே நின்றது.

வெப்பநிலையை மட்டும் பார்த்தால் இளைஞர் சொன்னதில் பிழை அதிகம் இல்லை. 1991 முதல் 2020 வரையிலான முப்பதாண்டுச் சராசரியின்படி ஜனவரியின் சராசரி வெப்பநிலை 26.8 டிகிரி, மே மாதத்தினுடையது 28.6 டிகிரி, இரண்டுக்கும் இடையே இரண்டு டிகிரிகூட இல்லை. ஆனால் சாங்கி வானிலை நிலையத்தின் மழைக் கணக்கை எடுத்துக்கொண்டால் படம் மாறுகிறது. டிசம்பரில் சராசரியாக 331.9 மில்லிமீட்டர், ஜனவரியில் ஏறத்தாழ 222, பிப்ரவரியில் 105.1 என்று இரண்டே மாதங்களில் மழை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. காற்று அப்போதும் வடகிழக்கிலிருந்துதான் வீசுகிறது, பருவத்தின் பெயரும் வடகிழக்குப் பருவக்காற்றுதான். அப்படியிருக்க மழை மட்டும் எங்கே போகிறது என்பதை ஜனவரி, பிப்ரவரிக் கூட்டங்களில் விரிவாகப் பேசினோம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த உறுப்பினர்களுக்கு இதில் ஒரு குழப்பம் இருந்தது. அங்கே வடகிழக்குப் பருவமழை என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. காற்று வங்கக் கடலின் ஈரத்தைக் கொண்டு வருகிறது. இங்கே அதே பெயருள்ள காற்று தென்சீனக் கடலின் வழியாக வருகிறது. சைபீரியாவில் குளிர்காலத்தில் கனத்த குளிர்க்காற்று குவிந்து, காற்றழுத்தம் உயர்ந்து, அது அவ்வப்போது சீனத்தின் மீது வழிந்து தெற்கே இறங்கும்போது, வெதுவெதுப்பான கடலைக் கடந்து வரும் வழியில் ஈரத்தை அள்ளிக்கொண்டு பூமத்தியரேகைப் பகுதியில் வந்து கொட்டுகிறது. இதையே பருவக்காற்று எழுச்சி என்கிறோம். ஹாங்காங்கில் குளிர் எச்சரிக்கை விடுக்கப்பட்டால் சில நாள்களில் இங்கே குடை எடுக்க வேண்டும் என்பது நம் உறுப்பினர்களிடையே புழங்கும் கணிப்பு; எப்போதும் பலிப்பதில்லை என்றாலும் அதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. பிப்ரவரியில் காற்று தளர்வதில்லை. மழைப் பட்டைதான் நம்மைத் தாண்டித் தெற்கே ஜாவாப் பக்கம் போய்விடுகிறது. ஆகவே காற்று மட்டும் மிஞ்சி, வானம் வெளுத்து, புல் காய்ந்து, கொடியில் போட்ட துணி மதியத்துக்குள் உலர்ந்துவிடுகிறது. நம் பின்பனிக்கு இங்கே உள்ள உருவம் இதுதான் என்பது என் கருத்து. செயற்குழுவில் இதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள்.

ஜனவரியின் நிகழ்வுகளைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. 10ஆம் தேதி வெள்ளிக்கிழமை தொடங்கிய பருவக்காற்று எழுச்சியில், 10, 11 ஆகிய இரண்டு நாள்களில் மட்டும் சாங்கி நிலையத்தில் 255.2 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டியதை விட அதிகமான மழை இரண்டு நாளில் பெய்துவிட்டது. இடியும் மின்னலும் இல்லாமல், மாலை நேரத்துப் புயல்மழையின் ஆரவாரம் எதுவும் இல்லாமல், நாள் முழுவதும் ஒரே சீராகத் தூறலும் மழையுமாக இருந்தது என்று உறுப்பினர்கள் பலரும் எழுதியிருந்தனர். வெப்பமானி 22 டிகிரியை ஒட்டி இறங்கியதும், தேக்கா சந்தையில் கம்பளிச் சட்டையோடு காய்கறி வாங்குவோரைக் கண்டதாக ஓர் அம்மையார் தெரிவித்தார். 1934 ஜனவரி 30, 31 தேதிகளில் பதிவான 19.4 டிகிரியே இத்தீவில் இதுவரை பதிவானவற்றுள் மிகக் குறைந்தது என்பதை நினைத்தால் 22 ஒன்றும் பெரிதில்லை; ஆனால் விசிறி இல்லாமல் தூங்கிய இரவுகளை யார் மறப்பார்கள்?

அந்த எழுச்சியின் பயனாக நமக்கு இந்த ஆண்டின் மிகச் சிறந்த பதிவு கிடைத்தது. சிறு வெண்மலர்களைக் கொண்ட புறா ஆர்க்கிட், பழைய தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளில் தானாகத் தொற்றி வளர்வது. திடீரென வெப்பநிலை சில டிகிரி சரிந்தால், அதிலிருந்து ஏறத்தாழ ஒன்பது நாள் கழித்து, ஒரு வட்டாரத்தில் உள்ள எல்லாச் செடிகளும் ஒரே நாளில் பூத்து அன்றே வாடிவிடும் இயல்பு அதற்கு உண்டு. 10ஆம் தேதி மழை தொடங்கிய அன்றே, உயர்நிலை மூன்றில் படிக்கும் நம் உறுப்பினர் நாள்காட்டியில் 19ஐ வட்டமிட்டு வைத்தார். அந்த ஞாயிறு காலையில் அடுத்த எழுச்சியின் மழை தூறிக்கொண்டிருந்தது. அவருடைய அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே உள்ள மரத்தின் கிளைகளில் வெண்பொட்டுகளாகப் பூக்கள் விரிந்திருந்தன. கீழே நின்று பார்த்தால் காகிதத் துணுக்குகள் சிக்கியிருப்பது போலத்தான் தெரியும். அருகே போனால் பூவின் நடுவில் இளமஞ்சள் தீற்றலும், மெல்லிய மணமும் இருந்தன. மாலையில் போய்ப் பார்த்தபோது இதழ்கள் துவண்டு கிடந்தன. வெப்பமானியைவிடச் செடி நன்றாகக் குறிப்பெடுக்கிறது என்று அந்தத் தம்பி தன் படிவத்தில் எழுதியிருப்பதைத் திருத்தாமல் கோப்பில் சேர்த்திருக்கிறேன்.

பிப்ரவரியைப் பற்றி ஒப்பீட்டுக்காக ஒன்று சொல்ல வேண்டும். 2014 பிப்ரவரியில் சாங்கியில் மாதம் முழுவதற்கும் பெய்தது 0.2 மில்லிமீட்டர், 1869 முதலான பதிவுகளில் அதைவிட வறண்ட மாதம் இல்லை. இந்த ஆண்டு அந்த நிலை வரவில்லை. தைப்பூசம் பிப்ரவரி 11ஆம் தேதி வந்ததால், சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை வெறுங்காலில் பால்குடம் எடுத்த உறுப்பினர்கள் சிலர், சாலையின் சூடு எங்கே எப்படி மாறியது என்று குறித்துத் தந்தனர். நிழல் விழும் பகுதியிலும் தார் சூடு ஆறாமல் இருந்தது என்பது அவர்களின் ஒருமித்த கருத்து. பாதமே கருவியானதால் டிகிரியில் சொல்ல முடியவில்லை.

இனி என் பிழைக்கு வருகிறேன். மார்ச் 1ஆம் தேதிக் கூட்டத்தில், காற்று தளர்ந்துவிட்டது, பிற்பகல் வெயில் உறைக்கிறது, வடகிழக்குப் பருவக்காற்று வழக்கமாக மார்ச் தொடக்கத்தில் ஓய்வது என்ற காரணங்களைக் காட்டி, "இவ்வாண்டின் வடகிழக்குப் பருவம் இத்துடன் விடைபெற்றது" என்று கூட்டக் குறிப்பில் நானே எழுதி, தலைவரிடம் ஒப்பமும் வாங்கிவிட்டேன். தஞ்சை ஐயா மட்டும், "பங்குனி முடியட்டும், தம்பி" என்றார். அதை நான் குறிப்பில் சேர்க்கவில்லை. மார்ச் 19ஆம் தேதி மீண்டும் ஓர் எழுச்சி வந்து, மூன்று நாள் விடாமல் பெய்து, ஜனவரியில் கண்ட அதே சாம்பல் வானத்தையும் அதே குளிரையும் கொண்டு வந்தது. பள்ளி விடுமுறையில் கடற்கரைக்குத் திட்டமிட்டிருந்த பெற்றோர் பலர் என்னைக் கேட்டுத்தான் நாள் குறித்திருந்தார்கள் என்பதை அடுத்தடுத்து வந்த தொலைபேசி அழைப்புகளிலிருந்து தெரிந்துகொண்டேன். கூட்டக் குறிப்பின் அந்த வரியை நீக்க வேண்டாம், அருகில் திருத்தம் எழுதினால் போதும் என்று செயற்குழு முடிவு செய்தது. ஐயாவின் சொற்களும் இப்போது அங்கே இடம்பெற்றுள்ளன.

நான் செய்த தவறு மழையையும் வெயிலையும் பார்த்துவிட்டுக் காற்றைப் பார்க்காமல் விட்டது. நம்மிடம் மழைமானிகள் இருக்கின்றன, வெப்பமானிகள் இருக்கின்றன. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை நாள்தோறும் குறிக்கும் பழக்கம் மட்டும் இல்லை. பருவத்தின் பெயரிலேயே திசை இருக்கும்போது திசையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அளந்துகொண்டிருந்திருக்கிறோம். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் நடுவே வரும் இடைப்பருவத்தில் காற்று வலுவிழந்து, நிலையான திசை இல்லாமல் போய், பகல் சூட்டில் கடற்காற்றுகள் தீவின் மேல் வந்து மோதிப் பிற்பகலில் இடிமழையாகின்றன. ஆகவே காலையில் சீரான வடகிழக்குக் காற்று தொடர்ந்து சில நாள் இல்லாமலிருந்து, பிற்பகல் இடி தொடங்கினால்தான் பருவம் மாறியதாகக் கொள்வது என்று ஒரு வழிமுறையைச் செயற்குழு வகுத்துள்ளது. அடுத்த ஆண்டு இதைச் சோதித்துப் பார்ப்போம்.

எழுச்சி ஓய்ந்த பின், மார்ச் 23ஆம் தேதி ஞாயிறன்று நிழல் பார்க்கும் நிகழ்ச்சி நடைபெற்றது. சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. மார்ச் மாதத்தில் அது, பகலும் இரவும் சமமாக இருக்கும் சமஇரவு நாளுக்கு மூன்று நான்கு நாள் கழித்து. 1982 முதல் நம் கடிகாரம் கிழக்கே உள்ள தீர்க்கரேகையை ஒட்டி ஓடுவதால், உச்சிவேளை பன்னிரண்டு மணிக்கு வராமல் பிற்பகல் 1 மணி 11 நிமிடத்தையொட்டி வந்தது. புளோக்கின் பின்னால் உள்ள சிமெண்டுத் தரையில் ஒரு மீட்டர்க் கழியை நிறுத்தினோம். மேகம் விலகிய சில நிமிடங்களில் நிழல் கழியின் அடிக்குள் ஒடுங்கி, அரை சென்டிமீட்டர்கூட வெளியே தெரியவில்லை. தண்ணீர்ப் போத்தலையும், கால்பந்தையும், ஒரு குழந்தையையும் நிறுத்திப் பார்த்தார்கள். வந்திருந்த பெரியவர்கள் நிழலுக்காகக் கூரையடியில் ஒதுங்கியிருந்ததால் படம் எடுக்க ஆளில்லாமல் போனது.

வறண்ட வாரங்களுக்குப் பின் சாலையோர டிரம்பெட் மரங்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூப்பதை இளவேனிலின் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு முன்மொழிவு வந்தது. அம்மரங்கள் ஆகஸ்ட், செப்டம்பரிலும் பூக்கின்றன என்பதால் அது ஏற்கப்படவில்லை. குயில் கூவுவதை ஏற்கலாமா என்பதற்கும் அதே கதிதான். நம் குயில்கள் விடியற்காலை நான்கு மணிக்கு ஆண்டு முழுவதும் கூவுகின்றன என்று பலரும் கசப்போடு தெரிவித்தனர். சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் குளிர்காலத்தைக் கழித்த கரைப்பறவைகள் வடக்கே திரும்பிச் செல்வதைக் கவனிப்பது மட்டும் நல்ல யோசனையாகத் தோன்றுகிறது. அதற்குப் பறவை தெரிந்த ஒருவர் நமக்குத் தேவை.

கருவிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சீனப் புத்தாண்டு விடுப்பில் ஊருக்குப் போன உறுப்பினர் ஒருவர் தாழ்வாரத்தில் வைத்திருந்த மழைமானியில் நீர் தேங்கி, திரும்பி வந்தபோது அதில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. நம் அளவீடு டெங்கிக் கொசுவுக்குத் தொட்டிலாகிவிடக் கூடாது. நாள்தோறும் காலையில் அளவு குறித்த கையோடு நீரைக் கொட்டிவிட வேண்டும். வெளியூர் செல்வோர் மானியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பதிவேட்டில் அந்த நாள்களை வெறுமையாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். காற்றுத்திசை காட்டி ஒன்றும், கையில் பிடிக்கும் காற்றுமானி ஒன்றும் வாங்க இக்கூட்டத்தின் ஒப்புதலைக் கோருகிறேன். 1984 ஏப்ரல் 25ஆம் தேதி தீவின் மேற்கே உள்ள தெங்காவில் மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்றே இங்கே பதிவானவற்றுள் மிக வலியது. சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் வரும் சூறைக்காற்றுகளின் காலம் ஏப்ரலில் தொடங்குகிறது என்பதால், ஒப்புதலைத் தள்ளிப்போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கூட்டங்களுக்குத் தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் உறுப்பினர்களுக்கும், அறை ஒதுக்கித் தந்த சமூக மன்றத்தாருக்கும், பதிவுப் படிவங்களைத் தவறாமல் அனுப்பியவர்களுக்கும் நன்றி. மார்ச் படிவத்தை இன்னும் தராதவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் நேரில் கொடுத்துவிடலாம்.

பணிவுடன்,
செயலாளர்