தணிக்கைத் தடைகளைக் கிராம சபையில் வாசியுங்கள்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை,
பனகல் மாளிகை, சைதாப்பேட்டை, சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

சென்னையின் தெற்கு விளிம்பில், அடுக்குமாடிகள் நெருக்கியடிக்கும் ஓர் ஊராட்சியில் குடியிருக்கிறேன். பெயருக்குத்தான் கிராமம். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம் என்று இங்கே சேரும் பணம் சின்னத் தொகை இல்லை. அந்தப் பணத்தின் தணிக்கை பற்றித்தான் இந்த மடல்.

கிராம சபைப் பொருள் நிரலில் 'தணிக்கை அறிக்கையை ஒப்புதலுக்கு வைத்தல்' என்று ஒரு வரி வருகிறது. எங்கள் ஊரில் அந்த வரியை வாசித்த கையோடு அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறார்கள். எத்தனை தடை (கணக்கில் தணிக்கையாளர் எழுப்பும் ஆட்சேபம்) எழுந்தது, எதற்கு என்ன பதில், எது நிலுவை என்று எதுவும் சபைக்கு வருவதில்லை. தீர்மானப் புத்தகத்தில் மட்டும் வரிசையாகக் கையெழுத்து விழுகிறது.

தணிக்கையாளர் முன்னால் இருப்பவை காகிதங்கள்: தீர்மானம், விலைப்புள்ளி, செலவுச்சீட்டு, முடிந்த வேலையின் அளவைக் குறிக்கும் அளவுப் புத்தகம். ஒரே மோட்டாருக்கு ஒரே ஆண்டில் மூன்று முறை காயில் கட்டியதாக எழுதியிருந்தாலும், பில் ஒழுங்காக இருந்தால் அவர் என்ன செய்வார்? அந்த மோட்டார் எப்போது நின்றது, எப்போது ஓடியது என்று தெருக்குழாயில் குடம் வைக்கும் பெண்களைக் கேட்டால் தெரியும். மேல்நிலைத் தொட்டியின் தூணில் சுத்தம் செய்த தேதியைப் பெயின்டில் எழுதுகிறார்கள். இருப்புப் பதிவேட்டில் பிளீச்சிங் பவுடர் வழங்கிய தேதியை அதோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் தணிக்கையாளருக்குக் கிடைக்காது. எங்களுக்குக் கிடைக்கும், ஆனால் பதிவேடு எங்கள் கைக்கு வராது.

ஊராட்சிகளின் கணக்குக்கும் தணிக்கைக்கும் மாநிலச் சட்டமன்றம் வகை செய்யலாம் என்கிறது அரசமைப்பின் 243ஜெ பிரிவு. தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் ஏற்றியிருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 15ஆவது நிதி ஆணையம் ஊராட்சிகளுக்கான மானியத்துக்கே நிபந்தனை வைத்தது. நல்ல நிபந்தனைதான். ஆனால் இணையத்தில் ஏறியதைத் தேடிப் படிக்க எங்கள் தெருவில் யாருக்கு வழி தெரியும்?

குற்றம் பிடிப்பதற்காக மட்டும் கேட்கவில்லை. வரி வசூல், குடிநீர், தெருவிளக்கு, கணினிப் பதிவு எல்லாம் ஊராட்சிச் செயலர் ஒருவர் தலையில்தான். சட்டப்படி தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்துதான் காசோலையில் கையெழுத்திட வேண்டும். பதவி முடிந்து வீட்டுக்குப் போனபின் 'செலவுச்சீட்டு இல்லை' என்று தடை வந்தால், நேர்மையாக நடந்தவர்களும் ஆதாரம் தேடி அலைய வேண்டும். அந்த ஆண்டிலேயே சபையில் வாசித்திருந்தால், வேலை நடந்ததைப் பார்த்தவர்கள் எழுந்து சொல்வார்கள்.

எனவே ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். தடைகளும் பதில்களும் பத்தி பத்தியாக, எளிய தமிழில், சபை கூடுவதற்கு ஏழு நாள் முன்பே ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். சபையில் முழுவதையும் வாசிக்க வேண்டும்; மக்கள் சொல்வதைத் தீர்மானத்தில் எழுதி அடுத்த தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும். செலவுச்சீட்டுகளையும் இருப்புப் பதிவேட்டையும் அன்று மேசைமேல் வைக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி முப்பது நாள் காத்திருந்து கேட்க வேண்டிய விஷயமா இது?

வரும் அக்டோபர் 2 கிராம சபையிலேயே, சென்னையைச் சுற்றியுள்ள ஒன்றியங்களில் இதைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஊராட்சிக்கு வரி கட்டும் ஒருவர்